அக்கா முடியை மட்டும் காப்பாற்றினார்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா போய் ஒரு வருடம் ஆகிறது. அவரைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று அத்தான் கேட்டார். "அழுகையா எழுதாதம்மா, உள்ளபடி எழுது" என்றும் சொன்னார். அழுது முடித்தாயிற்று. என்னிடம் இப்போது மிச்சம் இருப்பது எரிச்சல்தான். உள்ளபடி எழுதுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

அக்கா தென்காசியில் பிறந்தார். வீட்டில் மூத்தவர் அவர், இளையவள் நான். நடுவில் யாரும் இல்லாததால் அவருடைய அதிகாரம் மொத்தமும் என் ஒருத்தி மீதே செல்லுபடியானது. அப்பா சீக்கிரமே காலமாகிவிட, அம்மா பள்ளிக்கூட வேலைக்குப் போனார். எனக்குத் தலை பின்னி அனுப்பும் பொறுப்பு அக்காவிடம் வந்தது. வந்தது வினை. கல்லூரியில் அவர் படித்தது வேதியியல், அது என் தலையில் வந்து விடிந்தது. "முடி செத்த பொருளுட்டி. தோல் கிழிஞ்சா ஆறும், முடி உடைஞ்சா உடைஞ்சதுதான். நாமதான் பாத்துக்கிடணும்" என்பார். ஒரு சிக்கை எடுக்க அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பள்ளியில் முதல் மணி அடித்துவிடும். வெளியே முட்டி போட்டு நின்றது நான், அவர் இல்லை.

திருமணமாகி அத்தானுடன் டெக்சாஸ் வந்தார். ஃபிரிஸ்கோவில் அப்போதுதான் வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. விசா காரணமாகப் பல வருடங்கள் வேலைக்குப் போக முடியவில்லை. கார் ஓட்டவும் தெரியாது. கார் இல்லாமல் அந்த ஊரில் ஒரு கொத்தமல்லிக் கட்டு கூட வாங்க முடியாது என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பட்டம் வாங்கிய பெண் நாள் முழுக்க நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு எப்படி இருந்தார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்துபோகும் பெண்களின் முடி நுனியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். காபி குடிக்க வந்தவர்களை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, "பிளந்துருக்கு பாருங்க, இந்த ஸ்ட்ரெய்ட்னரைத் தூக்கி எறிங்க" என்பார். ஒருவர் கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

நான் நாட்டின் மறுகோடியில், எடிசன் என்ற ஊரில் இருந்தேன், அதுவாவது தூரம் என்று நினைத்தேன். எங்கே? வீடியோ காலில் முகத்தைக் காட்டியதும், "கேமராவப் பின்னால திருப்பு" என்பார். "அந்தக் கம்பளிக் கோட்டுக் கழுத்து உரசி உரசியே பின்னந்தலை போச்சு. உள்ள ஒரு பட்டுத் துணியச் சுத்திக்கிட்டுப் போ." காலையில் மன்ஹாட்டன் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவள் கழுத்துக்குள் பட்டுத் துணியைச் செருகிக்கொண்டு நிற்க வேண்டுமாம். தலையணைக்குச் சாட்டின் உறை, குளியலறைக் குழாய்க்கு வடிகட்டி என்று பார்சல் பார்சலாக வரும். இறுக்கிக் குதிரைவால் போட்டால் நெற்றி ஏறிவிடும் என்று என் அலுவலகப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் பேசியவர் அவர். என் வேலை உயர்வுக்காக எடுத்த படம் அது. வேலை உயர்வைப் பற்றி மறுநாள்தான் கேட்டார்.

அக்காவின் மகள் யாழினி பள்ளி நீச்சல் அணியில் சேர்ந்ததும் கேட்கவே வேண்டாம். நீச்சல் குளத்து குளோரின் முடியை வைக்கோலாக்கிவிடும், முன்பே எண்ணெய் தடவினால் உள்ளே இறங்காது என்றார். சரிதான். ஆனால் அரைக் கிண்ணம் தேங்காய் எண்ணெயைத் தடவி, அதன் மேல் ரப்பர் தொப்பியை மாட்டி அனுப்பினால் என்ன ஆகும்? பாதிப் போட்டியில் தொப்பி வழுக்கிக் கழன்று பக்கத்துப் பெண்ணின் பாதையில் மிதந்தது. "அம்மா, எவ்ரிபடி ஸா இட்! ஐயம் கட்டிங் இட் ஆஃப், தட்ஸ் இட்" என்று யாழினி கத்தினாள். தோள் வரை வெட்டிக்கொள்கிறேன் என்று அவளும், என் உயிர் போனாலும் கூடாது என்று இவரும் மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். இரண்டு பேருமே தனித்தனியாக எனக்கு போன் செய்து நியாயம் கேட்டார்கள். எனக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த மனுஷி தன் உடம்பைப் பார்த்தாரா? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. வீக்கத்துக்குச் செருப்பைக் குறை சொன்னார். அத்தான் கெஞ்சிக் கூத்தாடி இதயத்தை ஸ்கேன் செய்ய நாள் வாங்கினார். கிடைத்த நாள் வெள்ளிக்கிழமை. அக்கா அதைத் தள்ளிப்போட்டார். காரணம் கேளுங்கள். "வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சு ஊறவைக்கிற நாள்லா? எண்ணெய்த் தலையோட போயி அந்த மெத்தையில படுத்தா அவங்க என்ன நெனப்பாங்க?" அந்த ஒரு வாரம் தேய்க்காமல் விட்டால் முடி கோபித்துக்கொள்ளுமா? மாற்றி வாங்கிய நாள் வருவதற்குள் மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் போனார்.

நான் விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது அக்காவுக்கு நினைவில்லை. வாயில் சுவாசக் குழாய், மூக்கில் உணவுக் குழாய். அதன் பிறகும் வாரக்கணக்கில் அசையாமல் படுத்ததில் இடுப்பு வரை இருந்த முடி பின்னந்தலையில் ஒரே முடிச்சாகச் சுருண்டிருந்தது. அந்த நேரம் பார்க்க வந்த ஒரு ஆன்ட்டி, நான் காபி வாங்கப் போன இடைவெளியில், சூடு தணியட்டும் என்று ஒரு பாட்டில் மூலிகை எண்ணெயை அக்காவின் தலையில் கவிழ்த்துவிட்டார். பெயர் எழுதவில்லை, பயப்படாதீர்கள் ஆன்ட்டி. எண்ணெய் நெற்றியில் வழிந்து, மூக்குக் குழாயைப் பிடித்திருந்த டேப் கழன்றது. நர்ஸ் ஓடி வந்தார். முடிச்சு எண்ணெயில் ஊறி இறுகி, உருண்டையாகவே ஆகிவிட்டது. அது தலைக்கு அடியில் அழுத்தினால் தோல் புண்ணாகும், கிருமி ஏறும் என்றார் நர்ஸ். "ஐயம் ஸோ சாரி, ஹனி. வி மே ஹாவ் டு கட் இட்" என்றார். மறுநாள் மாலை வரை பொறுக்கிறேன், அதற்குள் பிரிக்க முடிந்தால் பிரியுங்கள், இல்லையென்றால் ஒட்ட வெட்ட வேண்டும் என்றார்.

சம்மதம் சொல்ல வேண்டியவர் அத்தான். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "முழிச்சதும் மொதல்ல தலையத்தான் தடவிப் பாப்பா. அங்க ஒண்ணுமில்லன்னா நான் என்னம்மா சொல்லுவேன்?" என்றார். அக்கா விழிப்பார் என்பதற்கு எங்களிடம் அதைத் தவிர வேறு நம்பிக்கை இல்லை. முடியை வெட்டினால் அவர் விழிக்கமாட்டார் என்று அத்தான், யாழினி, நான் மூன்று பேருக்குமே தோன்றிவிட்டது. படித்தவர்கள்தான், என்ன செய்வது.

யாழினியும் நானும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். கண்டிஷனரை உள்ளங்கையில் கொட்டி, விரலால் ஒவ்வொரு இழையாகப் பிரித்தோம். நான் மேலிருந்து இழுத்தேன். "சித்தி! நாட் ஃப்ரம் தி டாப்! யூ ஸ்டார்ட் அட் தி எண்ட்ஸ்!" என்று அவள் என் கையைத் தட்டிவிட்டாள். அதே அதட்டல், அதே முறைப்பு. வாய் இங்கிலீஷ் பேசியது, அவ்வளவுதான் வித்தியாசம். முதுகு ஒடிந்தது. அழுகை வந்தது, கோபம் வந்தது, மறுபடி அழுகை வந்தது. மறுநாள் மாலை நர்ஸ் வந்தபோது கைப்பிடி அளவுதான் உதிர்ந்து போயிருந்தது, மற்றதைப் பிரித்துத் தளரப் பின்னியிருந்தோம். அவர் பின்னலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சில நாட்களில் சுவாசக் குழாயை எடுத்தார்கள். அக்கா கண் திறந்தார். கை மெதுவாகப் பின்னலுக்குப் போனது. அத்தான் நடந்ததையெல்லாம் பெருமையாகச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கரகரத்த குரலில் சொன்னார்: "வெட்டித் தள்ளிருக்கலாம்லா? இந்த மயிருக்காகவா பிள்ளையப் பட்டினி போட்டு உக்கார வச்சிய?"

எனக்கு வந்ததே கோபம்! வாழ்நாள் முழுக்க எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டு, பேசுகிற பேச்சைப் பாருங்கள். "இப்பவே வெட்டச் சொல்லு, எனக்கும் பாரமா இருக்கு" என்றார்.

"நோ வே, அம்மா" என்றாள் யாழினி.

"ஏன், நீதான வெட்டணும் வெட்டணும்னு குதிச்ச?"

"தட் வாஸ் மை ஹேர். திஸ் இஸ் யுவர்ஸ்."

"இனிமே இத யாரு பாத்துக்கிடுவா?"

"நான் பாத்துக்கறேன்மா."

அக்கா என்னைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்பது போல. நான் சீப்பை எடுத்து யாழினியிடம் கொடுத்தேன். மகளிடம் அக்கா தோற்றதை முதன்முதலாகப் பார்த்தேன். அதன் பிறகு இருந்த நாட்களில் தினமும் காலையில் யாழினிதான் பிரித்துப் பின்னினாள்.

நன்றி சொல்ல வேண்டும். மறுநாள் மாலை வரை பொறுத்த அந்த நர்ஸுக்கு நன்றி. அத்தானுக்குச் சாம்பாரும் ரசமும் மாற்றி மாற்றிக் கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், ஈமச் சடங்குக்கு அலுவலகத்தில் விடுப்பு எடுத்து வந்தவர்களுக்கும், கோவில் நண்பர்களுக்கும் நன்றி. எண்ணெய் ஆன்ட்டிக்கும் நன்றி, அன்பில்தானே செய்தீர்கள். எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். டாக்டர் நாள் கொடுத்தால், அது எந்தக் கிழமையாக இருந்தாலும் போய்விடுங்கள்.

இன்னும் ஒன்று. அக்கா கடைசியாக என்ன சொன்னார் என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். இதயம் மறுபடி தளர்ந்த அன்று, டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அக்காவிடம் கேட்டார்: மூச்சு நின்றால் மறுபடி குழாய் போடலாமா, வேண்டாமா? பதில் அக்காதான் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா டாக்டரைப் பார்க்கவில்லை. அவசரத்தில் குளித்துவிட்டு அப்படியே ஓடி வந்திருந்த யாழினியைப் பார்த்தார். "தலையில தண்ணி சொட்டுது பாரு. ஏசிக் காத்து வேற. மொதல்ல காய வையி" என்றார்.

என்ன சொன்னார் என்று டாக்டர் என்னிடம் கேட்டார். யாழினிதான் சொன்னாள்: "ஷீ வாண்ட்ஸ் மீ டு ட்ரை மை ஹேர்."

"கோ அஹெட். ஐ'ல் வெயிட்" என்றார் டாக்டர்.

அவள் துண்டை எடுத்து, தேய்க்காமல், ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தாள். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முடி முழுக்கக் காய்வதற்குள் நினைவு தப்பிக் கண்ணை மூடிக்கொண்டார், அதன் பிறகு பேசவில்லை. டாக்டரின் கேள்விக்கு அத்தான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.