கேட்பதற்கென்று ஒரு டாக்டர்

எழுபதுகளில் நான் திருவனந்தபுரத்தில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். சம்பளத்தில் மாதாமாதம் இன்சூரன்சுக்குப் பிடிப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். காய்ச்சல் வந்தால் அட்டையைக் காட்டி மாத்திரை வாங்கலாம் என்பதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எங்கள் முதல் குழந்தை பிறந்த சில நாட்களில் போய்விட்டது. பெண் குழந்தை. பேர் வைப்பதற்குள் போன பிள்ளைக்கு எங்கள் வீடுகளில் துக்கம் வைப்பதில்லை. அதைப் பற்றிப் பேசவும் கூடாது, அடுத்த பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த எங்கள் வீட்டுப் பெண்கள் குழந்தைத் துணிகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, என் மனைவியிடம் அழாதே என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்கள். அவள் அழவில்லை. பேச்சையும் நிறுத்திவிட்டாள். ஸ்ரீவராகத்து வாடகை வீட்டில் வேளாவேளைக்குச் சோறு வெந்தது, குரல் மட்டும் கிடையாது. இனி இவள் இப்படியேதானா என்று எனக்குப் பயம் பிடித்தது.

இன்சூரன்ஸ் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். என்ன செய்கிறது என்று டாக்டர் அவளைக் கேட்க, "சத்து இல்ல சார், தூக்கமும் இல்ல" என்றேன் நான். பெண்டாட்டியின் நோயைப் புருஷன் சொல்வதுதானே வழக்கம், அட்டையும் என் பேரில்தான். டானிக் கொடுத்தார். அடுத்த தடவை வேறு டாக்டர், வேறு நிறத்தில் டானிக்.

அதற்கப்புறம் வந்த இளம் டாக்டர் என்னைக் கையமர்த்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு மருந்து மட்டும் போராது. ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைக் காணணும்" என்றார். வாயில் நுழையாத அந்தப் பேரோடு ஊரெல்லாம் அலைந்தேன். கிழக்கேகோட்டைப் பக்கம் போர்டு மாட்டியிருந்தவர், அட்டையெல்லாம் இங்கே எடுப்பதில்லை என்றார். ஓர் ஆஸ்பத்திரி ஜன்னலில் அப்படி ஒரு வேலையே கிடையாது என்றார்கள். கூட வேலை பார்த்தவன், "பைத்தியமா, வே?" என்று கேட்டான். அவனோடு கொஞ்ச நாள் நான் பேசவில்லை.

கடைசியில் அந்த இளம் டாக்டரே நாலு இடத்துக்குப் போன் போட்டு, ஓர் அரசு ஆஸ்பத்திரியில் அட்டைக்குப் பார்க்கும் சைக்காலஜிஸ்ட் அம்மாவைக் கண்டுபிடித்தார். போனால், ஸ்டெதாஸ்கோப் இல்லை, ஊசி இல்லை. மேஜையும் நாற்காலிகளும்தான். வழக்கம்போல நான் ஆரம்பித்தேன்.

"சேட்டன் வெளியில இரிக்கணும்" என்றார் அந்த அம்மா.

"அவ பேச மாட்டா மேடம். மலையாளமும் தெரியாது."

"தமிழ் கேட்டா எனக்கு மனசிலாகும். பேசலைன்னா நானும் சும்மா இருப்பேன்."

சொன்னபடியே சும்மா இருந்தார். அரைக் கதவுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். இருவரும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். இதற்கா என் சம்பளத்தில் பிடித்தார்கள் என்று கொதித்தது. வராந்தாவில் கூட்டம் கலைந்த பின், பெருக்குகிறவள் என் காலைத் தூக்கச் சொன்னாள்.

அப்போது உள்ளே ஒரு பெண் பேசுவது கேட்டது. யாரோ என்று நினைத்தேன். என் மனைவி! மெதுவாக ஆரம்பித்துப் பெருகி, பெரிதாக அழுதாள். அழட்டும் என்று அந்த அம்மா விட்டுவிட்டார். மருந்து இல்லை, மந்திரம் இல்லை, ஒரு மனுஷி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இருந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

என்ன சொன்னாள் என்று பிறகு அந்த அம்மாவிடம் கேட்டேன். "அது அவங்களாச் சொல்லும். நான் பறையக்கூடாது" என்றார். அட்டையைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமும் வரச் சொன்னார். இப்படியும் ஒரு வேலை உலகத்தில் உண்டா, அது என்னைப் போன்றவனுக்கும் கிடைக்குமா என்று மலைத்துப்போய் பஸ் ஏறினேன்.

பாதி வழியில் அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நான் அவளுக்கு ஒரு பேரு வச்சிருந்தேன்."

"என்ன பேரு?"

காதோடு சொன்னாள். நானும் சொல்லிப் பார்த்தேன். கடைசி ஸ்டாப்பான கிழக்கேகோட்டையில் எல்லோரும் இறங்கிய பிறகும், எங்கள் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டபடி இருவரும் அந்த பஸ்ஸிலேயே உட்கார்ந்து அழுதோம்.