மாங்கோ எங்கிருந்து வந்தது

மாங்காய் வியாபாரம் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அதில் அதிகம் பேச வேண்டியதில்லை. அழகர்கோவில் பக்கத்துத் தோப்புக்காரர்களிடம் கையைத் துண்டுக்குள் மூடிக்கொண்டு, விரலைத் தொட்டே விலை முடிப்போம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசும்.

தொண்ணூறுகளின் கடைசியில் மகளை கே.கே. நகரில் ஓர் இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்க மனைவி ஆசைப்பட்டாள். அங்கே பிள்ளையோடு பெற்றோரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். அதற்காக வீட்டில் ஒரு சட்டம் போட்டாள்: பாப்பா முன்னால் யாரும் மாங்காய் என்று சொல்லக் கூடாது, மாங்கோ என்றுதான் சொல்ல வேண்டும். கூடத்தில் மாங்காய் குவிந்து கிடக்கிற வீட்டில்!

ஊறுகாய்க்குக் காய் வாங்க வரும் பசுமலை வாத்தியார் ஒருவரிடம் இதைச் சொன்னேன். என்னைவிட இளையவர். சிரித்தார்.

"மாங்கோவே நம்ம மாங்காய்தாண்ணே. மிளகு வாங்கக் கேரளாக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் 'மாங்கா'ன்னு கேட்டு எடுத்துக்கிட்டுப் போனாங்க. அவங்ககிட்ட இருந்து இங்கிலீஷ்காரன் எடுத்துக்கிட்டான்."

நான் நம்பவில்லை. காயைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனபோது, தடித்த அகராதியைத் திறந்து அந்த வரியில் விரல் வைத்துப் படித்துக் காட்டினார்.

பள்ளியில் தலைமையாசிரியை ஒரு பச்சைக் காயின் படத்தை நீட்டினார்.

"மாங்காய்" என்றாள் மகள்.

"இங்கிலீஷ்ல சொல்லு."

மகள் என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"சரியாத்தானே மேடம் சொல்லுது? மாங்கோங்கிற வார்த்தையே அதுலருந்து வந்ததுதானே?" என்றேன். மனைவி என் காலை மிதித்தாள்.

"அது எனக்கும் தெரியும் சார். ஆனா இங்க மாங்கோன்னுதான் சொல்லணும்."

அவர் தெரியாமல் சொல்லியிருந்தால் தலையை ஆட்டிவிட்டு வந்திருப்பேன்.

"தெரிஞ்சுக்கிட்டேவா பச்சப் பிள்ளைய முழிக்க வைக்கிறீங்க?" என்று எழுந்துவிட்டேன்.

இடம் இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

பஸ்ஸில் மனைவி பொரிந்து தள்ளினாள். "கல்யாணத்தன்னைக்குக்கூட வாயத் தொறக்காத ஆளு. இன்னைக்குத்தான் பேச்சு வந்துச்சாக்கும்? அம்புட்டும் போச்சு."

"மாங்காய்னு சொன்னது தப்பாப்பா?" என்று கேட்டாள் மகள்.

"தப்பே இல்லத்தா. யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு."

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

மறுவாரம் அவளை மாநகராட்சிப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். மனைவி கூட வரவில்லை. அங்கே கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன்.