இடது பக்கம் பயம், வலது பக்கம் ஜாஸ்மின்

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனியின் தையல் ஹாலுக்குள் போய் ஜாஸ்மின் எங்கே என்று கேட்டால், "எந்த ஜாஸ்மின், பொம்ம போடுற ஜாஸ்மினா?" என்று திருப்பிக் கேட்பார்கள். முதலில் கேலியாகத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். இப்போது அதையே சொல்லும்போது குரலில் ஒரு மரியாதை ஏறியிருக்கிறது. ஏறாமல் என்ன செய்யும்?

ஜாஸ்மினுக்கு மார்க்கிங் வேலை. வெட்டி வந்த தோல் துண்டின் மேல் அட்டையை வைத்து, தையல் எங்கே ஓட வேண்டும் என்று சில்வர் பேனாவால் கோடு போட வேண்டும். அடுத்த மேசையில் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பாரதி அந்தக் கோட்டின் மேலேயே தைத்துத் தள்ளுவாள். தைத்து முடிந்ததும் ரப்பரால் தேய்த்தால் கோடு போய்விடும். துண்டுகளை மேசை மேசையாகக் கொண்டுபோகும் பெல்ட் நிற்காமல் ஓடும். ஒருத்தி எழுந்து போனால் அவள் மேசையில் துண்டுகள் குவிந்துவிடும், அவளுக்கு அடுத்து இருக்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பிரசவ லீவு முடிந்து வந்த ஜாஸ்மின் அப்படித்தான் எழுந்து எழுந்து போனாள்.

குழந்தை ஜெமிமா கம்பெனிக்குப் பின்னால் இருந்த காப்பகத்தில் இருந்தாள். பார்த்துக்கொள்ள அமிர்தவள்ளி என்று ஒரு கெட்டிக்காரி. இதெல்லாம் ஜாஸ்மினின் புத்திக்குத் தெரியும், வயிற்றுக்குத்தான் தெரியவில்லை. அத்தனை மெஷின் சத்தத்துக்கு நடுவே அவளுக்கு மட்டும் குழந்தை அழுவது கேட்கும். தொண்டையில் வேர்க்கடலை அடைத்துக்கொண்டதோ, தொட்டில் கயிறு கழுத்தில் சுற்றிக்கொண்டதோ என்று நினைப்பு ஓடும். பேனாவைப் போட்டுவிட்டு ஓடுவாள். போய்ப் பார்த்தால் ஜெமிமா ஜோராகத் தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி அதே கதை. வீட்டிலும் தூங்குகிற குழந்தையின் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடப்பாள். தன்னைப் போல ஒரு மோசமான தாய் ஊரிலேயே இருக்க மாட்டாள் என்று அழுவாள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஊர் சும்மா இருக்குமா? கண்ணு பட்டிருக்கிறது என்றார்கள், கயிறு கட்டச் சொன்னார்கள், சர்ச்சில் ஜெபத்துக்குப் பேர் கொடுக்கச் சொன்னார்கள். கணவன் ஜோசுவா தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்க்கிறவன், நல்லவன்தான். ஆனால் "எதுக்குப் போட்டு கொழப்பிக்கிற, ஜாஸ்தி யோசிக்காத" என்பதைத் தாண்டி அவனுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. யோசிக்காதே என்றால் நின்றுவிடுமா யோசனை? தடுப்பூசி போடப் போன இடத்தில் இருந்த ஒரு நர்ஸ்தான், குழந்தை பிறந்த பிறகு இப்படி வருவது நிறையப் பேருக்கு உண்டு, வெட்கப்படாமல் வந்து பேசு என்றாள். ஜாஸ்மின் போய்ப் பேசினாள். கொஞ்சம் தெளிந்தது. ஆனால் நர்ஸைக் கையோடு மார்க்கிங் மேசைக்குக் கூட்டிக்கொண்டு வர முடியாதே.

சூப்பர்வைசர் வஹீதா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் மேசைக்கே வந்து நின்றாள்.

"இன்னாமா இது? ஒன்னால லைனே பேஜாரா கெடக்குது. இன்னொரு தடவ எழுந்து போனா நான் மேல சொல்லித்தான் ஆவணும். அப்புறம் எம்மேல கோச்சுக்காத."

வேலை போனால் சம்பளம் போகும், அது ஒரு பக்கம். நாள் முழுக்க வீட்டில் அந்தப் பயத்தோடு தனியாக அடைபட்டுக் கிடக்க வேண்டுமே, ஜாஸ்மின் அதிகம் பயந்தது அதற்குத்தான்.

அன்று மதியம் பயம் வந்தபோது ஓடவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், கழித்துப் போட்ட கறுப்புத் தோல் துண்டு ஒன்றை இழுத்து, தான் பயந்ததை அப்படியே வரைந்தாள். தொண்டையில் கடலை மாட்டி முழி பிதுங்கும் ஜெமிமா. வரைந்து முடித்தபோது, மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது மேசையில் கிடந்தது. சரி, நிஜமாகவே இப்படி ஆனால் நான் என்ன செய்வேன் என்று அப்போதுதான் அவளுக்குக் கேட்கத் தோன்றியது. பதில் தெரியவில்லை. அடுத்த முறை நர்ஸிடம் போனபோது கேட்டாள். தலை தாழ்வாக இருக்கும்படி குழந்தையை மடியில் கவிழ்த்து முதுகில் தட்ட வேண்டும் என்று அவள் ஒரு பொம்மையை வைத்துச் செய்து காட்டினாள். மறுநாள் ஜாஸ்மின் அதையும் வரைந்தாள்.

நர்ஸிடம் கேட்பது, வரைவது, அதுவே வழக்கமாகிவிட்டது. இடது பக்கம் பயம், வலது பக்கம் ஜாஸ்மின். தொட்டில் கயிறு ஒரு பக்கம், கத்தரிக்கோலோடு ஜாஸ்மின் ஒரு பக்கம். ஜுரத்தில் இழுப்பு வந்த குழந்தை, பக்கத்தில் அதை ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கும் ஜாஸ்மின். நாலு கோடு, ஒரு வட்டம், அவ்வளவுதான். ரப்பரால் தேய்த்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். போகப்போகப் படங்களில் குறும்பும் சேர்ந்துகொண்டது. பெரிய மீசை வைத்த ஜெமிமா, கைகட்டி நிற்கும் வஹீதாவை மிரட்டுவாள். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. வந்துகொண்டுதான் இருந்தது. வந்ததை வரைந்து அனுப்பிவிட்டு அவள் இடத்திலேயே இருந்தாள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்படிப் பயந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆர்டர் முடிக்கிற அவசரத்தில் ஒருநாள் காலை தப்பு நடந்தது. கழிவுத் துண்டும் கறுப்பு, ஷூவில் லேசுக்கு அடியில் வரும் நாக்குத் துண்டும் கறுப்பு. ஜாஸ்மின் நாக்குத் துண்டின் மேலேயே மீசை ஜெமிமாவையும் கைகட்டிய வஹீதாவையும் வரைந்து, தேய்க்க மறந்து பெல்ட்டில் விட்டுவிட்டாள். பாரதிக்கோ வெள்ளிக் கோடு எங்கே போகிறதோ ஊசியும் அங்கே போகும், கண் வேறெங்கோ இருக்கும். உருண்டைத் தலை, இரண்டு காது, மீசை, எதிரே சூப்பர்வைசர் பேட்ஜோடு கைகட்டி நிற்கும் ஆள் என்று ஒன்றையும் விடாமல் கச்சிதமாகத் தைத்துத் தள்ளிவிட்டாள். செக்கிங் மேசையில் அது வந்து விழுந்ததும் ஹாலே சிரித்தது.

"கோட்டு மேலதானே தச்சேன்?" என்றாள் பாரதி.

வஹீதாவுக்கும் சிரிப்பு வந்தது. அந்த மீசைக் குழந்தை மிரட்டுவது தன்னைத்தான் என்று புரிந்ததும் வந்த சிரிப்பு போய்விட்டது. "மத்தியானம் மேனேஜர் ரூமுக்கு வா" என்று துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் ஜாஸ்மின் அங்கே போகவில்லை. அதற்குள் அமிர்தவள்ளி ஹாலுக்குள் ஓடி வந்தாள். "ஜாஸ்மின், கொழந்த கை கால வெட்டி வெட்டி இழுக்குதுமா. ஒடம்பு கொதிக்குது."

அத்தனை நாள் ஒன்றுமே இல்லாததற்கு ஓடியவள், இப்போதும் ஓடத்தான் செய்தாள். வஹீதாவும் பின்னாலேயே ஓடினாள். காப்பகத்தில் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரோ குழந்தையின் கையில் திணிக்க இரும்புச் சாவியைக் கொண்டுவந்தார்கள், இன்னொருத்தி வாயில் ஸ்பூனை வைக்கப் போனாள்.

"சாவி வேணாம். வாயில ஒண்ணும் வெக்காதீங்க. கொஞ்சம் நகருங்க, காத்து வரட்டும்" என்றாள் ஜாஸ்மின். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். சட்டையைத் தளர்த்தினாள். இழுக்கும் கையைப் பிடித்து அமுக்கவில்லை, வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள். "அக்கா, எவ்ளோ நேரம் இழுக்குதுன்னு மணி பாருங்க. வண்டி சொல்லுங்க" என்று வஹீதாவிடம் சொன்னாள். வஹீதா மறுபேச்சில்லாமல் சொன்னதைச் செய்தாள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது, ஜெமிமா வீறிட்டு அழுதாள். அங்கே இருந்தவர்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில் வஹீதாவும் கூடவே ஏறிக்கொண்டாள்.

"இதெல்லாம் எங்கமா கத்துகினே?" என்றாள் வஹீதா.

"வரைஞ்சிருக்கேன்க்கா" என்று சொல்லிவிட்டு ஜாஸ்மின் தேம்பித் தேம்பி அழுதாள்.

ஜுர இழுப்புதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஜெமிமா தேறி மறுபடி காப்பகத்துக்கு வந்த அன்று காலையே மேனேஜர் முனீர் அகமது ஜாஸ்மினைக் கூப்பிட்டனுப்பினார். வஹீதாவும் கூட வந்தாள். மேனேஜர் கையில் அந்த நாக்குத் துண்டு இருந்தது.

"கொழந்த விஷயம் கேள்விப்பட்டேன். அதனால இத பெருசு பண்ணல. இனிமே வரைய மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு போம்மா."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று வஹீதா கண்ணால் காட்டினாள். ஒரு வார்த்தைதான். சொன்னால் வேலை நிச்சயம். ஜாஸ்மின் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"அது பொய்யாப் போய்டும் சார். வரையலன்னா நான் எழுந்து ஓடுவேன். வரைஞ்சா எடத்துலயே இருப்பேன். இன்னிக்கு கொழந்தய விட்டுட்டு வந்து ஒக்காந்திருக்கேன்னா அதனாலதான். வேலய வுட்டு எடுக்கறதுன்னா எடுத்துடுங்க, ஆனா வரைய மாட்டேன்னு மட்டும் சொல்ல முடியாது சார்."

மேனேஜர் வஹீதாவைப் பார்த்தார்.

"கறுப்பு கழிவ அவ மேசையில வெக்காம நான் பாத்துக்கறேன் சார்" என்றாள் வஹீதா. "செவப்புத் துண்டு குடுத்துர்றேன். நம்ம ஆர்டர்ல செவப்பே கெடையாது."

மேனேஜர் அந்த நாக்குத் துண்டை டிராயருக்குள் போட்டு மூடினார். பிறகு, "போய் வேலயப் பாரும்மா" என்றார்.

ஜாஸ்மின் போய் உட்கார்ந்தாள். குழந்தைக்கு இழுப்பு வந்துபோன பிறகு முதல் நாள். எந்தத் தாயாக இருந்தாலும் பத்துத் தடவை எழுந்து போய்ப் பார்த்திருப்பாள், யாரும் தப்புச் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். சாயங்காலம் சங்கு ஊதுகிற வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை.