பிளாஸ்டிக் வாளிக்குக் கொடுத்த செல்போன்

2014-ல், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். திண்டிவனத்தில் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். வெள்ளையடிக்க வீட்டை ஒழித்தபோது, ஆன் ஆகாத என் பழைய செல்போன் பீரோவில் கிடைத்தது. பழைய செல்போனுக்கு பிளாஸ்டிக் சாமான் என்று கூவிக்கொண்டு ஓர் அம்மா மொபெட்டில் வந்தார். செத்த போனைக் கொடுத்துப் புது வாளி வாங்கிவிட்டேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மத்தியானம் ஒரு பெண் வந்து, போன வருடம் தைத்த மாடலில் ரவிக்கை கேட்டபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தைத்த ரவிக்கையைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, முதுகு டிசைனை போட்டோ எடுத்து வைப்பது என் வழக்கம். பல படங்களில் கண்ணாடியில் முகமும் தெரியும். எல்லாம் அந்த போனின் மெமரி கார்டில். போன் செத்தால் கார்டும் சாகுமா என்ன? என்னை நம்பி வந்தவர்களின் படம் யார் கையில் சிக்குமோ! தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

விசாரித்துக்கொண்டே போய், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் அந்த அம்மாவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறவே இல்லை. உள்ளேயிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்தார்.

"பொம்பளைங்க குடுக்கிற போனு தனியா இதுல கெடக்கும்மா. யாராச்சும் தேடிக்கினு வருவாங்கன்னு எட்டு நாளு வச்சிருப்பேன். வரலைன்னா கார்டை ஒடைச்சிப் போட்டுட்டுதான் காயலான் கடைக்குக் குடுப்பேன். எங்க ஊட்டுக்காரரைக்கூட தொட வுடமாட்டேன்."

பேட்டரியைக் கழற்றி, நகத்தால் கார்டை நெம்பி என் உள்ளங்கையில் வைத்தார். "கார்டு உன்னுது, போனு என்னுது. வாளியத் தூக்கிக்கினு வந்துடாத" என்றார். அழுகையிலும் சிரித்துவிட்டேன்.

எங்கள் தெருப் பெண்கள் பலரும் இந்தப் பயத்தில்தான் பழைய போன்களைப் பூட்டி வைத்திருந்தார்கள். நடந்ததை அவர்களிடம் ஒளிக்காமல் சொல்லி நன்றாகத் திட்டு வாங்கினேன். ஆனால் அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது நான்கு பேர் போனும் கையுமாக வாசலுக்கு வந்தார்கள். நானும் இப்போது டிசைனை நோட்டில்தான் வரைந்துகொள்கிறேன்.

என்னை நம்பிய பெண்களின் மானத்தை நான் ஒரு வாளிக்குக் கொடுத்துவிட்டேன்; அவர்கள் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒருவர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் என் தலை தாழ்ந்துவிடுகிறது.