உடனிருந்தவர்

மார்கழி, சனிக்கிழமை, காலை: ஏற்காட்டில் ஒரு சிறிய மருத்துவமனையில் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். தாயும் சேயும் நலம் என்று செவிலியர் கதவைத் திறந்து சொன்னார்.

அதே நாள், முற்பகல்: பிரசவத்துக்குப் பிந்தைய மிகையான ரத்தப்போக்கு கண்டறியப்பட்டது. ஊசிகள் போடப்பட்டன. அவளுக்கு ஏற்றுவதற்கு மலைமேல் ரத்தம் இருப்பில் இல்லை. ஆம்புலன்ஸில் சேலத்துக்கு அனுப்பப்பட்டாள்.

அதே நாள், நண்பகல்: அடிவாரத்தை எட்டுமுன் இறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை: தகனம்.

தை, புதன்கிழமை: தாய் இறப்பு ஆய்வுக் கூட்டம். நான் அழைக்கப்பட்டேன்.

தை, வெள்ளிக்கிழமை: ஏற்காட்டை அடுத்த கொட்டச்சேட்டுக்குச் சென்றேன்.

மேற்கண்டவற்றில் எதையும் யாரும் மறுக்கவில்லை. கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், யாராலும் மறுக்கப்படாத செய்திகள் எவ்வளவு குறைவாகச் சொல்கின்றன என்பதை நான் அறிவேன். குழந்தை பிறந்ததற்கும் ரத்தப்போக்கு கண்டறியப்பட்டதற்கும் இடையே ஒரு பொழுது இருக்கிறது. அப்போது மூடிய கதவுக்கு வெளியே ஒரு மரப்பெஞ்சில் நான் மகிழ்ச்சியாக உட்கார்ந்திருந்தேன்.

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். தாய் இல்லாத வீட்டுக்கும் அது பொருந்துமா என்று யோசிக்காமல் என் மகள் பெங்களூரிலிருந்து இரண்டு பெட்டிகளுடன் வந்து இறங்கினாள். மாதந்தோறும் பரிசோதனை நடந்தது. ரத்த அழுத்தம், ரத்தசோகை, சர்க்கரை என்று எதிலும் குறை இல்லை. இங்கேயே பிரசவம் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னார். துணைக்குத் தர்மபுரியிலிருந்து அவளுடைய மாமியார் வருவதாக ஏற்பாடு. வலி அவருக்காகக் காத்திருக்கவில்லை.

பிரசவ அறைக்குள் துணையாக ஒரு பெண்ணை அனுமதிக்கிறார்கள். வலியில் கிடப்பவளின் கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த விதி. எங்களுடன் பெண் யாரும் இல்லை.

"லேடீஸ் யாராச்சும் இல்லீங்களா, சார்? உள்ள வேற பொம்பளைங்க இருக்காங்க. உங்களை விட முடியாது" என்றார் செவிலியர்.

"நான் அவளுடைய அப்பா."

வலிக்கு நடுவிலும் என் மகள் சிரித்தாள். "நீங்க வெளியவே இருங்கப்பா. உள்ள வந்தா சிஸ்டருக்குப் பாடம் எடுக்க ஆரம்பிச்சிடுவீங்க."

அப்போது அறைக்குள்ளிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார். கொட்டச்சேட்டில் மிளகும் காப்பியும் பயிரிடும் குடும்பம். மருமகளைப் பிரசவத்துக்குக் கூட்டி வந்திருந்தார். "ஏனுங்க, நான் இந்தக் கண்ணையும் சேத்துப் பாத்துக்கறனுங்க. ரெண்டு கட்டலுக்கு நடுவாலதான நிக்கப் போறேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க போயி ஒக்காருங்கய்யா. பெத்தெடுக்கறது நாங்க, தாடிய நீவிக்கிட்டு ஒக்காந்திருக்கறது நீங்க. ஆளுக்கொரு வேலை" என்றார். கதவு மூடியது.

ஆம்புலன்ஸில் ஓட்டுநரின் பக்கத்து இருக்கையே எனக்குக் கிடைத்தது. பின்னால் மருத்துவ உதவியாளர் மட்டும் இருந்தார். விடுமுறைக் கூட்டம் மலையேறிக்கொண்டிருந்தது. பெரும்பாலோர் வழிவிட்டார்கள். ஒரு வளைவில் மட்டும், காரை நடுச்சாலையில் நிறுத்திவிட்டு ஒரு குடும்பம் குரங்குகளுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் சைரன் கேட்டுக் குரங்குகள்தான் முதலில் நகர்ந்தன.

அதன்பின் வந்தவர்கள் பேசியதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. குழந்தையாவது தங்கிற்றே என்றார்கள். தலையெழுத்து என்றார்கள். "இந்தக் காலத்திலுமா பிரசவத்தில் சாகிறார்கள்?" என்று கேட்ட என் பழைய சக ஆசிரியர், என்றோ அற்றுப்போன விலங்கு ஒன்றைத் தோட்டத்தில் கண்டதாகச் சொன்னவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். தர்மபுரிச் சம்பந்தி குழந்தையைத் தம்முடன் எடுத்துச் சென்றார். மருமகனும் உடன் போனார். சரியான முடிவு என்று நானும் சொன்னேன்.

காரியத்தன்று கொட்டச்சேட்டு அம்மாளும் வந்திருந்தார். அவரைத் தனியே அழைத்து, கடைசியாக என் மகள் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"சிரிச்ச மொகமாக் கெடந்துச்சுங்க. 'எங்கப்பாவ நல்லாப் பாத்துக்கச் சொல்லுங்க'ன்னுச்சு" என்றார், தரையைப் பார்த்தபடி.

நான் நன்றி சொன்னேன். நம்பவில்லை. என் மகள் பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட அப்படிப் பேசியவள் அல்ல. ஆவணத்தின் மொழி அதை எழுதியதாகச் சொல்லப்படுபவரின் மொழியாக இல்லையென்றால் அந்த ஆவணம் போலி. முதலாண்டு மாணவருக்கே நான் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

ஆய்வுக் கூட்டத்தில் என்னை மரியாதையாக நடத்தினார்கள். தேநீர் வந்தது. தாய் இறப்புகளை மூன்று தாமதங்களாகப் பிரித்துப் பார்ப்பது முறை என்று ஓர் அதிகாரி விளக்கினார்: வீட்டில் முடிவெடுப்பதில் தாமதம், வழியில் தாமதம், மருத்துவமனையில் தாமதம். காகிதத்தைப் பார்த்தபடி தொடர்ந்தார்.

"ரத்தப்போக்கை உடனிருந்தவர் கவனிச்சுத் தெரிவிக்கலைன்னு பதிவாகியிருக்கு, சார். அப்ப இது குடும்பத் தரப்புத் தாமதத்துல வரும்."

"உடனிருந்தவர் என் குடும்பம் இல்லை."

"ஆனா உங்க சார்பாத்தானே சார் உள்ள இருந்தாங்க?"

கையைப் பிடித்துக்கொள்வதற்காக உள்ளே விடப்பட்ட பெண், அந்த மேசையில், நாடி பார்த்திருக்க வேண்டியவராகவும் ரத்தத்தை அளந்திருக்க வேண்டியவராகவும் மாறிவிட்டிருந்தார். விளக்கத்தை எழுத்துமூலம் தரலாம் என்றார்கள். எழுதுவதற்குமுன் உண்மை எனக்குத் தெரிய வேண்டும். அதை அறிந்தவர் ஒருவரே.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன். கொட்டச்சேட்டில் அந்த அம்மாள் வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "ஊட்டுக்குள்ள வாங்கய்யா" என்றார். உள்ளே தூளி தொங்குவது தெரிந்தது. வெளியிலேயே உட்காருகிறேன் என்றேன்.

"அன்னைக்கு உள்ளே என்ன நடந்ததுன்னு சொல்லுங்கம்மா."

"அதான் சொன்னனுங்களே. சிரிச்ச மொகமா..."

"சினிமாவில் பார்த்ததைச் சொல்றீங்க."

"எங்கூட்டு டிவி கெட்டு ஒரு வருசமாச்சுங்க" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. மிளகைக் கையால் கிளறிக்கொண்டே சொன்னார்:

"குளிருதுன்னுச்சுங்க. பல்லு கிடுகிடுன்னு அடிச்சுது. மார்கழிப் பனியில எங்களுக்கே ஒதறுது, டவுனுல இருந்து வந்த புள்ளைக்குக் கேக்கோணுமான்னு நெனச்சுட்டேன். நர்ஸம்மாகிட்டச் சொன்னனுங்க. சொல்லாம இல்ல. அந்தம்மா எம் மருமவ கட்டல்ல நிக்குது. பையன் வந்துட்டான், ஆனா அழுவல. நீலம் பூத்துக் கெடக்கறான். வாயில இருக்கறத உறிஞ்சி எடுக்குது, முதுவத் தேய்க்குது, தலையக்கூடத் திருப்ப முடியல அதுக்கு. 'போத்தி உடுங்க, வந்தர்றேன்'னுச்சு. எம் பையில இருந்த கம்பளிய எடுத்துக் கழுத்து வரைக்கும் நல்லாப் போத்தி உட்டேன்."

"அப்புறம்?"

"உங்க புள்ளையே என்னைய வெரட்டுச்சுங்க. 'நீங்க இங்க நின்னா எனக்குக் குளிர் போயிடுமா? அந்தக் குழந்தை இன்னும் அழல, அங்க போய் நில்லுங்க'ன்னுச்சு. போயிட்டேன்."

இந்த முறை நம்பினேன். ஆறுதல் சொல்ல வருபவரை அப்படி விரட்டுவது என் மகளின் குணம். பிறரால் அந்த வாக்கியத்தைப் புனைய முடியாது.

ரத்தம் குறைந்தால் உடல் நடுங்கும் என்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நடுக்கத்தை வேறெங்காவது என்றால் யாரேனும் சந்தேகித்திருக்கலாம். மார்கழியில் சேர்வராயன் மலையில் நடுங்குகிறவளை யார் சந்தேகிப்பார்கள்? அவளுக்குக் கம்பளி கொடுப்பார்கள். கம்பளிக்கு அடியில் நடந்ததை மேலிருந்து யாரும் பார்க்கவில்லை. பையன் அழுத பிறகு செவிலியர் ஓடி வந்து அதை விலக்கினார்.

"அவன் அழுதப்ப நான் கையெடுத்துக் கும்பிட்டனுங்கய்யா" என்றார் அந்த அம்மாள். "கும்பிட்ட கைய எறக்கறதுக்குள்ள நர்ஸம்மா கத்துது. இத எந்த வாயால உங்ககிட்டச் சொல்லுவேன்?"

வீட்டுக்குள் குழந்தை விழித்து அழத் தொடங்கியது. நல்ல உரத்த குரல். அந்தக் குரலின்மேல் எனக்கு எழுந்ததை இங்கே எழுதினால் அது நிலைத்துவிடும். ஆகவே எழுதவில்லை.

"எம் பேர எழுதிப்புடுவீங்களா?" என்று கேட்டார். "எழுதுனா எழுதிக்கோங்க. நர்ஸம்மா பேர எழுதாதீங்க, சாமி. அந்தம்மா கைய எடுத்திருந்தா இவன் இல்லீங்க."

"கைய எடுத்திருந்தால் என் மகள் இருந்திருப்பாள்" என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது. மறுபடியும் மிளகைக் கிளறத் தொடங்கினார்.

செவிலியரின் அலட்சியம் என்று நான் எழுதினால் ஆய்வுக் குழு மகிழ்ச்சியோடு ஏற்கும். ஒருவரைத் தண்டித்துக் கோப்பை மூடலாம். துணைக்கு நின்றவரின் அறியாமை என்று எழுதினால் யாரையும் தண்டிக்காமலே மூடலாம். ஒரே நேரத்தில் இரண்டு பிரசவங்களுக்கு ஒரே ஒரு செவிலியரை விட்டதும், மலைக்குமேல் ஒரு பை ரத்தமும் வைக்காததும் எந்தத் தாமதத்தில் சேரும் என்று நான் கேட்கலாம். அதற்கும் தேநீர் வரும். உண்மை என்னிடம் முழுமையாக இருக்கிறது. அதை ஒப்படைக்கத் தகுந்த இடம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் செய்யாதவை:

ஆய்வுக் குழுவுக்கு எழுத்துமூல விளக்கம். முதல் பத்தி மட்டும் முடிந்திருக்கிறது.

கொட்டச்சேட்டில் கேட்டதை மருமகனிடம் சொல்வது.

அந்தச் செவிலியரைச் சந்திப்பது. மருத்துவமனை வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

தர்மபுரிக்குப் போவது.

பேத்தியைத் தூக்குவது.