செல்போனில் இல்லாத ஐந்தாவது கட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு, முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணை போனில் திட்டினேன்.

"வெப்சைட்டுல தெளிவா போட்டிருக்கோமேம்மா... படிச்சுப் பாத்துட்டு வரக் கூடாதா?"

திட்டி முடித்த ஐந்தாவது நிமிடம் தப்பு யாருடையது என்று தெரிந்தது. அந்த அதிர்ச்சியிலிருந்து இன்னும் நான் முழுசாக வெளியே வரவில்லை. இந்த வாரம் வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் அந்தப் பெண்ணின் குரல்தான் காதில் கேட்கிறது. எனவே அதையே எழுதிவிடுகிறேன்.

வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும் - எழுத்து எனக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை. மீதி ஆறு நாளும் விழுப்புரத்தில் உட்கார்ந்து வெப்சைட் செய்து கொடுக்கிறேன். நகைக்கடை, நர்சரி ஸ்கூல், கல்யாண மண்டபம்... யார் கேட்டாலும்.

திண்டிவனத்தில் ஒரு சங்கம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்துவார்கள். ஊர் ஊராக வேன் அனுப்பி ஆட்களை அழைத்து வந்து, மண்டபத்தில் வைத்துப் பரிசோதித்து, ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களை அன்றைக்கே ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். நல்ல காரியம். செயலாளர் ஏகாம்பரமும் நல்ல மனிதர்.

"பேர் குடுக்கறதுக்கும் வேன் டைம் பாக்கறதுக்கும் ஒரு பேஜ் பண்ணிக் குடுங்க சார்" என்றார். சரி என்றேன்.

பெயர் கொடுக்கும் படிவம் போக, பேஜில் இரண்டே சமாச்சாரம். மேலே புரவலர்கள் ஏழு பேரின் போட்டோ. கீழே வேன் அட்டவணை - ஊர், நிற்கும் இடம், நாள், நேரம் என்று நாலு கட்டம்.

இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? ஏழு பேர்தான் கஷ்டம்!

நம் பக்கத்தில் பேனர் அடித்துப் பழகியவர்களுக்குப் புரியும். போட்டோக்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஒருவர் தலை இன்னொருவருக்குக் கீழே போய்விட்டால் அடுத்த வருஷம் அவர் முகாம் பக்கமே வரமாட்டார். ஏகாம்பரம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"சார், ரெண்டாவது வரிசைன்னு ஒன்னு இருக்கவே கூடாது. யாரக் கீழ போட்டாலும் பேஜாரு ஆயிடும்."

லேப்டாப் திரையில் ஏழு பேரும் தாராளமாக உட்கார்ந்தார்கள். ஆனால் முகாமுக்குப் பெயர் கொடுப்பவர்கள் லேப்டாப்பிலா பார்க்கப் போகிறார்கள்? உள்ளங்கை அகலத்தில் ஒரு செல்போன். அதில் ஏழு பேர் எப்படி உட்காருவது?

வெப் பேஜில் எது எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு அகலம், திரை சின்னதானால் எது மடங்கிக் கீழே இறங்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவு போடுவதற்கு சிஎஸ்எஸ் என்று ஒன்று இருக்கிறது. இடம் போதாவிட்டால் அடுத்த வரிசைக்கு இறங்கிக்கொள் என்று நாம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சமர்த்தாக இறங்கிவிடும். நான் 'இறங்காதே' என்று எழுதினேன். புரவலர்கள் ஆயிற்றே!

இறங்கவில்லை. பக்கவாட்டில் வழிந்தார்கள். செல்போனில் விரல் வைத்தால் மொத்தப் பேஜும் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது.

இந்த ஆட்டத்தை நிறுத்த முறையான வழிகள் நாலைந்து இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அரை நாள் உட்கார வேண்டும். குறுக்கு வழி ஒன்றும் இருக்கிறது. ஒரே வரி. அதன் பெயர் 'ஓவர்ஃப்ளோ ஹிட்டன்'. திரைக்கு வெளியே எது வழிந்தாலும் காட்டாதே என்று அர்த்தம். என் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் இது சோம்பேறி வைத்தியம் என்று தெரியும். எல்லாரும் செய்வோம்.

நானும் செய்தேன். ஆட்டம் நின்றது. திருப்தியாக டீ குடிக்கப் போனேன்.

அது புதன்கிழமை. டீ ஆறுவதற்குள் போன்.

"சார், நான் டைல்ஸ் கடை பேசறேன். என்னா சார், எம் மூஞ்சியக் காணோம்? காது மட்டும் தெரியுது!"

ஏழாமவர். வரிசையில் கடைசி என்பதால் அவரைத்தான் அந்த ஒரு வரி வெட்டியிருந்தது. பதறிப்போய் ஓடி வந்து உட்கார்ந்தேன். சின்னத் திரையில் ஏழு போட்டோவையும் புளியங்கொட்டை அளவுக்குச் சுருக்கி, அவர் முகத்தை மீட்டுக் கொடுத்தேன். பத்து நிமிஷம்தான். "இப்ப கரெக்டா கீது சார்" என்று அவரே மறுபடி கூப்பிட்டுச் சொன்னார்.

அந்த ஒரு வரியை மட்டும் எடுக்க மறந்துவிட்டேன். மறந்தேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை ஏகாம்பரம் கூப்பிட்டார். காணையிலிருந்து ஒரே ஒரு பெயர்தான் வந்திருக்கிறதாம். ஒருத்தருக்காக வேன் அவ்வளவு தூரம் உள்ளே போய்த் திரும்ப முடியாது, விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டில் வந்து ஏறிக்கொள்ளச் சொல்லி பேஜில் போட்டுவிடுங்கள் என்றார்.

போட்டேன். அட்டவணையில் 'மாற்றம்' என்று ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன். ஓமந்தூருக்கு ஒரு கோடு, பொம்மையார்பாளையத்துக்கு ஒரு கோடு, காணைக்கு மட்டும் சிவப்பு எழுத்தில் விஷயம். லேப்டாப்பில் பார்த்தேன். கண்ணைப் பறித்தது.

"அவங்களுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடலாமா?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"எதுக்கு சார்? அதான் வெப்சைட்டுல போட்டாச்சே" என்றேன் நான். ஆமாம், நானேதான்!

ஞாயிறு காலை நானும் அதே வேனில் பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறித் திண்டிவனம் போனேன். மண்டபத்தில் இறங்கிப் பெயர் கூப்பிட்டால், ஒரு ஆள் குறைகிறது. காணை, அஞ்சலை. பக்கத்தில் மகள் செல்வியின் நம்பர். அதைக் கூப்பிட்டேன்.

"சார், நாங்க காணையிலதான் நின்னுக்கினு இருக்கோம். அஞ்சரையில இருந்து. வேன் இன்னும் வர்லீங்களே..."

அப்போதுதான் நான் மேலே சொன்னபடி திட்டினேன்.

"பாத்துட்டுத்தான் சார் வந்தோம். காணை, பஸ் ஸ்டாப்பு, ஞாயித்துக்கெழம, ஆறு மணின்னு போட்டுக்கீது."

"அதுக்குப் பக்கத்துக் கட்டத்துல என்ன போட்டிருக்கு?"

"பக்கத்துல ஒன்னும் இல்லீங்களே. நாலு கட்டந்தான் சார் இருக்குது."

"அஞ்சும்மா!"

"நாலுதான் சார்."

எனக்குக் கோபம் வந்தது. இந்தப் பெண்ணுக்கு எண்ணக்கூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன். நிரூபித்துக் காட்டுகிற வேகத்தில் ஏகாம்பரத்தின் செல்போனை வாங்கி பேஜைத் திறந்தேன்.

நாலு.

விரலால் தள்ளினேன். நகரவில்லை. எப்படி நகரும்? நகரக் கூடாது என்று உத்தரவு போட்டவன் நான்தானே! சிவப்பு எழுத்து திரைக்கு வெளியே எங்கேயோ இருந்தது. ஏழு புரவலர்களும் மேலே பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு முகம் தெரியவில்லை என்றதும் பத்து நிமிஷத்தில் சரி செய்த நான், ஒரு முழுக் கட்டமே இல்லாமல் இரண்டு நாள் இருந்தது தெரியாமல் இருந்திருக்கிறேன். யாரும் போன் செய்யவில்லையே என்கிறீர்களா? இருப்பதே தெரியாதவர்கள் காணோம் என்று எப்படிப் புகார் சொல்வார்கள்?

"அந்தம்மாவுக்கு ஒரு கண்ணு சின்ன வயசுலயே போயிடிச்சு சார்" என்றார் ஏகாம்பரம், பதிவு நோட்டைப் பார்த்தபடி. "இருக்கற ஒரு கண்ணுலயும் புரை. பத்தரைக்கு ரிஜிஸ்ட்ரேஷன் முடிச்சிடுவாங்க. இத வுட்டா அடுத்த வருஷந்தான்."

தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வேன் டிரைவர் பாபு கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏறுங்க சார். ஜல்தியா போயிட்டு வந்துடலாம்."

ஒன்பது மணிக்குக் காணை பஸ் ஸ்டாப். கையில் ஒரு மஞ்சள் பையோடு அஞ்சலை அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். களை எடுப்பு, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பறிப்பு என்று காட்டு வேலை. சுகர் டெஸ்ட் எடுப்பார்கள் என்று யாரோ சொன்னதால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருக்கிறார். செல்வி விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிற பெண். கண்கள் சிவந்திருந்தன. அழுதிருக்கிறாள்.

எதற்கு அழுதாள் என்பது வேனில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

"நாந்தான் சார் கத்தினேன் இவள" என்றார் அஞ்சலை அம்மா. "போன் வெச்சிக்கினு என்னாத்தப் பாத்த நீ, ஒழுங்கா பாக்கத் தெரியலியேன்னு வாயில வந்தத எல்லாம் கேட்டுட்டேன். ரெண்டு கண்ணும் நல்லாக் கீது, உனுக்கு இதப் பாக்கத் தெரியலியான்னு கேட்டுட்டேன்."

நானும் அதையேதானே கேட்டேன்! அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் மேல்தான் தப்போ என்று மூன்று மணி நேரமாக அந்தப் பேஜைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறாள்.

"செல்வி... உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றேன். "நீ பாத்தது சரி. அந்தக் கட்டம் உன் போன்ல தெரியல. தெரியாத மாதிரி பண்ணது நான்."

அம்மாதான் கேட்டார். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"அது எப்டிப்பா? எழுதறதையும் எழுதிட்டு, யாரும் பாக்காதபடி ஒளிச்சும் வெப்பாங்களா?"

இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

யோசித்தால் நான் பேஜில் மட்டுமா இதைச் செய்கிறேன்? விருந்தாளி வருகிறார் என்றால் கூடத்தில் இறைந்து கிடப்பதை எல்லாம் ஒரு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவது யார்? டாக்டரிடம் போக வேண்டிய முதுகு வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டியது யார்? வெளியே தெரியாவிட்டால் தீர்ந்துவிட்டது என்று நம்புகிற ஆள் நான். தெரியாமல் போனது யாருக்கு வேண்டியதோ, அவர் எங்கேயாவது ஒரு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிறார்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் நீண்ட வரிசை. பாபு ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஏகாம்பரத்துக்கு போன் செய்துகொண்டே வந்தேன். "மேசையை எடுக்கறாங்க சார்... நான் நாற்காலில உக்காந்துக்கினு எழுந்திருக்க மாட்டேன்னு சொல்லிட்டேன், வாங்க" என்றார். மண்டபத்தில் நாங்கள் நுழைந்தபோது பத்து முப்பத்தைந்து. சொன்ன மாதிரியே அந்த மனிதர் பதிவு மேசையின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா அஞ்சலை அம்மாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒரே கண்ணை வெச்சுக்கிட்டு இத்தனை நாள் ஏம்மா வரல?" என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஆபரேஷன் பண்ணாப் பார்வை வந்துடும். இன்னும் ஒரு வருஷம் தள்ளியிருந்தா இந்த அளவுக்குக் கூட சொல்ல முடியாது" என்றார். மதியம் ஆஸ்பத்திரி பஸ்ஸில் அம்மாவும் மகளும் ஏறிய பிறகுதான் எனக்குப் பசி என்று ஒன்று இருப்பதே தெரிந்தது.

அன்று சாயங்காலம் உட்கார்ந்தேன். அந்த ஒரு வரியை அழித்தேன். புதன்கிழமை செலவழிக்க மனசில்லாத அரை நாளைச் செலவழித்தேன். சின்னத் திரையில் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனிப் பெட்டி. அதில் 'மாற்றம்' இருந்தால் அதுதான் முதல் வரி. வேன் விவரம் பேஜின் உச்சியில். புரவலர்கள் கீழே, நாலும் மூன்றுமாக இரண்டு வரிசை. முகாம் முடிந்துவிட்டாலும் ஆபரேஷன் ஆனவர்களைத் திரும்பக் கூட்டிவர வேன் போக வேண்டுமே. முடித்ததும் வீட்டில் இருந்த மூன்று செல்போன், எதிர்வீட்டில் ஒன்று, கீழ்க்கடையில் ஒன்று என்று வாங்கி வாங்கிப் பார்த்தேன். என் மனைவிக்கு என் மேல் சந்தேகமே வந்துவிட்டது.

"சார், ரெண்டு வரிசையா? என்னத் தொலச்சுடுவாங்க சார்" என்று அலறினார் ஏகாம்பரம். ஏழு பேருக்கும் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

புதன்கிழமை செல்வி ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அஞ்சலை அம்மா. கூடவே ஒரு வரி: 'அம்மா என் முகத்தில பருவைப் பார்த்துட்டுத் திட்றாங்க சார்.' ஆபீசில் தனியாக உட்கார்ந்து அதைப் படித்தேன். சிரிப்பதற்குப் பதில் அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைப்பதற்குள் போன் அடித்தது. டைல்ஸ் கடை.

"என்னா சார், பேஜத் தொறந்தா எங்க யாரையுமே காணோம்! ஒளிச்சு வெச்சிட்டீங்களா?"

"ஒளிச்சு வெக்கலீங்க. கீழதான் இருக்கீங்க. விரலால கொஞ்சம் தள்ளிப் பாருங்க... உங்க பேஜு நகரும்."