அடங்கிப்போன கோடு

அவள் இயற்பியல்காரி. கேயாஸ் என்னும் ஒழுங்கற்ற இயக்கம்தான் அவளுடைய ஆராய்ச்சி. அதை வீட்டில் விளக்கப் போய், "குழப்பத்தையா படிக்கிறீங்க அண்ணி? அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?" என்று நாத்தனார் கேட்டதிலிருந்து குடும்பத்தில் அவள் பெயர் குழப்பக்காரி.

பல்கலைக்கழக மாடியில், ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர் மட்டுமே தெரியும் அறை அவளுக்கு. மேஜையில் அவளே பற்றவைத்த சின்ன மின்சுற்று. அதை ஆசிலாஸ்கோப்பில் இணைத்தால், திரையில் பச்சைக் கோடு ஒன்று இரண்டு சுழல்களுக்கிடையே தாவிக்கொண்டே இருக்கும். போன வழியில் மறுபடி போகாது. இந்த ஆட்டம் ஓயவே ஓயாது என்று அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் எழுதிய கட்டுரை அவருக்குப் புகழ் தந்தது. அவளுக்கு டாக்டர் பட்டமும், அதே துறையில் வேலையும் கிடைத்தன. அவர் இப்போது துறைத் தலைவர்.

ஒரு விடுமுறையில் சுற்றை அணைக்காமல் போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தால் கோடு ஒரே வளையத்தில் செக்குமாடாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி போட்டாள். ஒரு தடவை சாயங்காலமே அடங்கியது, இன்னொரு தடவை நாலைந்து நாள் இழுத்தது. எப்போது என்று சொல்ல முடியாது, ஆனால் அடங்கிவிடும். கணக்குப் போட்டாள், அதுவும் அதையே சொன்னது.

தலைவர் வரைபடங்களை நிதானமாகப் புரட்டினார். "சரியாத்தாம்மா இருக்கு. நான் ரிட்டயர் ஆகட்டும், அப்புறம் கட்டுரையாப் போடலாம். உன் தீசிஸும் இதுமேலதானே நிக்குது?"

வேறு இடம் தேடலாமென்றாலும் சிபாரிசு அவர்தான் செய்யவேண்டும். துறைக்கு விருந்தாளிகள் வந்தால் "அந்தப் பொண்ணைக் கூப்பிடு" என்பார். போய் சுவிட்சைப் போட்டுவிட்டு, சிரித்த முகமாக ஓரத்தில் நிற்பாள்.

அவரைப் பாராட்டி ஒரு கருத்தரங்கு நடந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் பெரிய திரையில் தாவிக்கொண்டிருந்த கோடு ஒரே வளையத்தில் விழுந்து அதிலேயே சுற்ற ஆரம்பித்துவிட்டது. அரங்கில் முணுமுணுப்பு.

"கனெக்‌ஷன் லூஸா இருக்கும். பாரும்மா," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

நன்றாக இருந்த ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். கோடு தாவத் தொடங்கியது. கைதட்டினார்கள்.

"விடு, அவர் போக இன்னும் கொஞ்ச காலம்தானே," என்றார் கணவர், வீட்டில்.

"என் கையாலயே பொய் சொல்ல வச்சுட்டாருங்க."

அந்த வாரமே தன் பெயரில் மட்டும் கட்டுரை எழுதி அனுப்பினாள். அது வெளியானது. தங்கள் சுற்றிலும் அப்படித்தான் அடங்குகிறது என்று முகம் தெரியாத சிலர் எழுதினார்கள்.

தலைவர் திட்டவில்லை. முதலாண்டு ஆய்வகத்துக்கு அவளை மாற்றினார். சுற்றும் ஆசிலாஸ்கோப்பும் துறையின் சொத்தாம், மாடியிலேயே தங்கிவிட்டன. கீழ்த்தளத்தில் இப்போது நூலில் கட்டிய குண்டை ஆட்டிவிட்டு நேரம் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறாள். பழையபடி ஆராய்ச்சிக்கு அனுப்பக் கேட்டு எழுதிய மனுவெல்லாம் அவர் மேஜைக்குத்தான் போகிறது.

ஒருநாள் படிக்கட்டில் எதிர்ப்பட்டபோது, பழக்கதோஷத்தில் "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

"ஆச்சு சார்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மணி அடித்துவிட்டிருந்தது. ஆய்வக வாசலில் மாணவர்கள் காத்திருந்தார்கள்.